புகைபோக்கி விழாமல் நின்ற பதினான்கு மாதம்

மில் தெருவில் அகோரமூர்த்தியின் ரைஸ்மில் புகைபோக்கி விழுந்துகொண்டிருந்தபோது தடை உத்தரவு வந்து சேர்ந்தது, அதனால் அது விழவில்லை. அறுபத்தெட்டு அடி உயரம், பழைய சூளைச் செங்கல், பாதிக்கு மேல் சாய்ந்தபின் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று கேட்கிறவர்கள் ஜில்லா கோர்ட்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அதற்கடியில் மாட்டிக்கொண்ட தையல்நாயகியை வெளியே கொண்டுவர அவள் புருஷன் உத்திராபதி என்ன செய்தார் என்பதுதான் எனக்குத் தெரியும், அதைத்தான் சொல்லப் போகிறேன்.

உத்திராபதி சர்வேயர். முப்பத்தோரு வருஷ சர்வீசில் ஒரு அங்குலம் கூட்டி எழுதியதில்லை, ஒரு அங்குலம் குறைத்து எழுதியதில்லை, சொந்த மாமனார் நிலத்துக்கே கல்லைத் தள்ளி நட்டு மூன்று வருஷம் மாமியார் வீட்டுச் சாப்பாடு இல்லாமல் இருந்தவர். ரிட்டயரான மறுவாரம் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, மில் புகைபோக்கி தன் வீட்டுப் பக்கம் இரண்டே காலடி சாய்ந்திருக்கிறது என்று அளந்து, அதை இடிக்க வேண்டும் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். மில் ஓடாமல் நின்று பல வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் அகோரமூர்த்தி விடவில்லை. "எங்கப்பா கட்டினது. நேராத்தான் நிக்குது" என்பதுதான் அவர் வாதம், ஒன்பது வருஷமும் அதே வாதம். வழக்குக்கு முன்னால் உத்திராபதி அவரை அண்ணே என்று கூப்பிடுவார், வழக்குக்குப் பிறகு எதிர்க்கட்சி. கோர்ட் கமிஷனர் வந்து அளந்தார், அவருக்கும் இரண்டே காலடிதான் வந்தது. இடித்துத் தள்ள வேண்டும், காலிக் களத்தின் பக்கம் தள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

நெல் காயப்போடும் அந்தக் களம் புகைபோக்கிக்கு மேற்கே இருக்கிறது, உத்திராபதி வீடு கிழக்கே நாற்பதடியில். ஆனால் வழக்கின் சொத்து விவரத்தில் கிழக்கே காலிக் களம், மேற்கே வாதியின் வீடு என்று மாற்றி டைப் அடித்திருந்தது, அதையே தீர்ப்பிலும் எடுத்து எழுதிவிட்டார்கள். சர்வேயர் கண்ணுக்கு அது தப்புமா? பார்த்தார். திருத்துவதற்கு மனுப் போட்டால் ஆறு மாசம் போகும் என்றார் வக்கீல். ஐப்பசி மழைக்கு முன்னால் புகைபோக்கி இறங்கியாக வேண்டும் என்று உத்திராபதிக்கு அவசரம். "களம் எது, வீடு எதுன்னு அமீனாவுக்குக் கண்ணு தெரியாதா? விடுங்க சார்" என்றுவிட்டார்.

தீர்ப்பை நிறைவேற்ற வந்த அமீனா சிங்காரவேலுவுக்குக் கண் தெரிந்தது, ஆனால் கையில் டிகிரி, அதாவது கோர்ட்டு எழுதிக் கொடுத்த தீர்ப்பாணை, இருந்தது. உத்திராபதி பந்தோபஸ்துக்குக் கான்ஸ்டபிளைக் கூட்டிவர ஸ்டேஷனுக்குப் போயிருந்த நேரம் அது.

"சார், களம் அந்தாண்டல்ல இருக்கு?" என்றான் இடிக்க வந்த காண்ட்ராக்டர்.

"டிகிரியில கிழக்கன்னு போட்டிருக்கு."

"கிழக்க வீடு இருக்கு சார்."

"காலிக் களம்னு போட்டிருக்கு. நான் டிகிரிக்கு உள்ளதான்யா நடக்க முடியும். வெளிய போனா என் வேலை போயிடும். களத்துல யாரும் நிக்கக் கூடாதுன்னு தமுக்கு அடிச்சாச்சு. நீ வெட்டு."

தமுக்குச் சத்தம் தையல்நாயகிக்கும் கேட்டது. களத்தில் நிற்கக் கூடாது, சரி, நாம் நம் வீட்டு முற்றத்தில்தானே நிற்கிறோம் என்று அவள் ஈரப் புடவையைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிழக்குப் பக்கத்துச் செங்கல்லை உருவிவிட்டார்கள். புகைபோக்கி ஒரு தடவை முனகிவிட்டுக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்து அகோரமூர்த்தியின் வக்கீல் குமாஸ்தா மொபெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, ஜில்லா கோர்ட்டில் அன்று காலை வாங்கிய உத்தரவை அமீனாவின் கையில் திணித்தார். மேல்முறையீடு விசாரணைக்கு ஏற்கப்பட்டது, தீர்ப்பை நிறைவேற்றுவது அடுத்த வாய்தா வரை நிறுத்தி வைக்கப்படுகிறது, அதுவரை எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டும். அமீனா வாங்கினார், படித்தார், பன்னிரண்டு இருபத்திரண்டு என்று மணி போட்டுக் கையெழுத்து வைத்தார். புகைபோக்கி நின்றது. அதன் கறுத்த வாய் தையல்நாயகியின் தலைக்கு மேலே எட்டடியில் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள், இன்னொரு புடவையையும் பிழிந்து போட்டாள், பிறகுதான் உட்கார்ந்தாள்.

அமீனா கடமை தவறாத ஆள். வீட்டுக்குள் போய் அந்த நிமிஷம் என்னென்ன இருந்ததோ அத்தனையும் பட்டியல் எழுதினார். கட்டில் இரண்டு, அம்மி ஒன்று, பித்தளை அண்டா மூன்று, ஈரப் புடவை இரண்டு, பெண் ஒருவர். அறிக்கையில் "புகைபோக்கி வெட்டப்பட்டது, விழவில்லை" என்று முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

சாயங்காலம் ஆட்கள் சேர்ந்து சாமான்களை எடுக்க ஆரம்பித்தார்கள். முதல் கட்டில் வாசல்படியைத் தாண்டியதும் மேலே கரகரவென்று ஒரு சத்தம், புகைபோக்கி ஒரு சாண் இறங்கியது. கட்டிலைத் திரும்ப உள்ளே வைத்தார்கள், சத்தம் நின்றது, ஆனால் இறங்கிய சாண் இறங்கியதுதான். பிறகு தையல்நாயகி தானே எழுந்து வந்து ஒரு காலை வாசல்படிக்கு வெளியே வைத்தாள். ஒரு முழம் இறங்கியது. அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். இருந்தது இருந்தபடியே என்றால் அவளும் இருந்தபடியேதான் என்று தெருவுக்குப் புரிந்தது. தடை உத்தரவு வந்த நேரம் உத்திராபதி வீட்டில் இல்லை, ஆகையால் அவர் உள்ளே போய்த் தங்கவும் முடியாது. கால் மணி நேரம் இருந்தால் செங்கல் பொடி உதிரும். எதிர் வீட்டு வராந்தாவில் பாயைப் போட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் வெளியாள் மாதிரி நின்று பெண்டாட்டியிடம் பேசிவிட்டுப் போகிற மனுஷர் ஆனார்.

"ஜெயிச்ச கேஸுதானே?" என்றாள் தையல்நாயகி உள்ளேயிருந்து.

"ஆமா."

"தோத்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காது."

"அதான் கேட்டேன்."

ஊர் பழகிக்கொண்டது, எதற்குத்தான் ஊர் பழகாது. டவுன் பஸ் மில் தெருவை விட்டுவிட்டுக் குளத்தங்கரை வழியாகச் சுற்றிப் போயிற்று, மின்சார ஆபீஸ்காரர் மீட்டரை எதிர்ச்சாரியில் நின்று தொலைநோக்கி வைத்துப் படித்தார், மாரியம்மன் சப்பரம் தெருமுனையில் நின்று தீபாராதனையை அங்கிருந்தே வாங்கிக்கொண்டு திரும்பியது, புகைபோக்கியின் உள்ளே முன்பு செங்குத்தாகத் தொங்கிய வௌவால்கள் இப்போது சாய்வாகத் தொங்கின. டீக்கடையில் இரண்டு கட்சி ஆனது, டிகிரி நிறைவேறிவிட்டது என்று ஒன்று, தரையைத் தொட்டால்தான் நிறைவேறியதாக அர்த்தம் என்று ஒன்று, சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வேன் வைத்து வந்து இரண்டு பக்கமும் சேர்ந்து கத்திவிட்டுப் போனார்கள். தெருப் பெண்கள் வேளைக்கு ஒரு வீடு என்று முறை வைத்து தையல்நாயகிக்குச் சோறு கொண்டுபோனார்கள், அவள் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை உடனே எடுத்து வந்தார்கள், ஏனென்றால் ஒரு கிண்ணம் கூடுதலாக உள்ளே தங்கினாலும் மேலே முனகல் கேட்கும். சாப்பிட்டாச்சா என்று கேட்பது தெருவில் நின்றுபோனது. "நீட்டிச்சாச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டோம்.

ஏனென்றால் தடை வாய்தாவுக்கு வாய்தாதான். மாசத்துக்கு ஒரு நாள், கோர்ட்டில் பெயர் கூப்பிட்டு ஜட்ஜ் "நீட்டிக்கப்படுகிறது" என்று சொல்லும்வரை தெருவில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ஐந்தாவது வாய்தாவன்று ஜட்ஜுக்குக் காய்ச்சல். பெஞ்ச் கிளார்க் எல்லா வழக்கையும் மொத்தமாகப் பதினேழாம் தேதிக்குத் தள்ளி ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போய்விட்டார். தள்ளுவதற்கு அவருக்கு அதிகாரம் உண்டு, நீட்டிப்பதற்குக் கிடையாது. பதினொன்றே காலுக்குப் புகைபோக்கி இறங்க ஆரம்பித்தது.

வேகமாக இல்லை. கிணற்றில் வாளியை இறக்குகிற மாதிரி, விட்டு விட்டு. உத்திராபதி செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினார்.

"உள்ள வராதீங்க" என்று கத்தினாள் தையல்நாயகி. "நீங்க வந்தா இன்னும் வேகமா வரும். அங்கேயே நில்லுங்க."

"மூலையில போய் ஒட்டிக்க. சமையக்கட்டுச் சுவரோரம்."

"ஒட்டிக்கிட்டுதான் இருக்கேன். வக்கீல் எங்க?"

"பொறுப்பு ஜட்ஜுகிட்ட ஓடியிருக்காரு. அவர் பக்கத்துக் கட்டடத்துல ஜீவனாம்ச கேஸ் கேட்டுக்கிட்டிருக்காராம். அது முடிஞ்சாத்தான்..."

"புருஷன் பெண்டாட்டி கேஸா? அது முடியறதுக்குள்ள நம்ம கேஸ் முடிஞ்சிரும்."

"வாயை மூடு, தையலு."

"மூடினா பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க."

"என்னத்தப் பேச?"

"ஒம்பது வருஷமா கோர்ட்டுல பேசினீங்கல்ல? அதைப் பேசுங்க."

உத்திராபதி பேசினார். சர்வே எண், உட்பிரிவு, வாதி, பிரதிவாதி, இரண்டே காலடி என்று தன் சாட்சியத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்தார். ஒரு அளவைக்கூட மாற்றிச் சொல்லவில்லை, மாற்ற அந்த மனுஷருக்கு வராது. நாற்பத்தேழு நிமிஷம் கழித்து எதிர் வீட்டு டெலிபோன் அடித்தது. நீட்டித்தாயிற்று. புகைபோக்கி நின்றபோது துணிக்கொடி அறுந்து, முற்றத்தில் யாரும் நிமிர்ந்து நடக்க முடியாத உயரத்தில் அதன் வாய் இருந்தது. அன்றிலிருந்து தையல்நாயகி முற்றத்தைக் குனிந்துதான் கடந்தாள்.

அன்று சாயங்காலம் அகோரமூர்த்தி வீட்டுக் கதவைத் தட்டினார் உத்திராபதி. மேல்முறையீடு செய்தவர் அவர்தான், ஒரு வாய்தாவுக்கு அவர் பக்கம் ஆள் இல்லையென்றால் மேல்முறையீடு தள்ளுபடி, தடையும் போய்விடும். அகோரமூர்த்திக்கோ வயது எழுபத்திரண்டு, சர்க்கரை முந்நூறு. கதவு திறந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு உத்திராபதி சொன்ன முதல் வார்த்தை இது:

"அண்ணே, சுகர் மாத்திரை போட்டீங்களா?"

அகோரமூர்த்தி கதவைப் பிடித்துக்கொண்டே கேட்டார். "என் சாவுக்கு மாலை வாங்கி வச்சிருந்தவன்ல நீ?"

"இப்ப வேணாம்ணே. கேஸ் முடியட்டும்."

அதற்குப் பிறகு வாய்தா தோறும் வாடகைக் காரில் உத்திராபதியே அவரைக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார், வழியில் இட்லி வாங்கிக் கொடுத்தார், சர்க்கரை போடாத காபிக்கு ஹோட்டல்காரனிடம் சண்டை போட்டார், மழை பெய்தால் குடையை எதிர்க்கட்சி தலைக்குப் பிடித்துத் தான் நனைந்தார். ஜெயித்தவன் தோற்றவனைத் தாங்கித் தாங்கி நடத்திவருவதை வக்கீல்கள் வராந்தாவில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அகோரமூர்த்தி அனுபவித்தார், பொய் சொல்வானேன். ஆனால் சமாதானமாகப் போய்விடலாம் என்று உத்திராபதி கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டார்.

பதினான்காவது மாதம் மேல்முறையீடு வாதத்துக்கு வந்தது. முதல் நாள் வாதம் முடிந்ததும் உத்திராபதியின் வக்கீல் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "சார், கவலையை விடுங்க. கமிஷனர் ரிப்போர்ட்டை ஜட்ஜ் ரெண்டு தடவை படிச்சாரு. இரண்டே காலடி, அசைக்க முடியாது. மேல்முறையீடு தள்ளுபடிதான். நாளைக்கே தீர்ப்பு."

உத்திராபதி கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, காரில் காத்திருந்த அகோரமூர்த்தியிடம் போனார்.

"அண்ணே, உங்களுக்கு என்ன வேணும்? சொல்லிடுங்க. கால்ல விழணுமா?"

"கால்ல விழுந்து எனக்கு என்ன ஆகப்போவுது? எங்கப்பா கூலிக்குச் செங்கல் சுமந்தவரு. அவரு பேருல இந்த ஊர்ல இருக்கறது அது ஒண்ணுதான். அதைக் கோணல்னு கூண்டுல ஏறிச் சொன்னே. அதே கூண்டுல ஏறி நேரா இருக்குன்னு சொல்லு. அளந்து பார்த்தேன், நேரா இருக்குன்னு சொல்லு."

"அது சாய்ஞ்சுதானண்ணே இருந்துச்சு."

"அப்ப போ."

ஊர் வந்ததும் உத்திராபதி தன் வீட்டு வாசலுக்குப் போனார். தையல்நாயகி குனிந்து குனிந்து முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்குத் தீர்ப்பு என்பதைத் தெருவில் யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

"தள்ளுபடியாமே" என்றாள், நிமிராமல்.

"யார் சொன்னா?"

"யாரோ. ஏங்க, புடவை ரெண்டும் நல்ல புடவை. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுக்கலாம்னா அதுக்கும் வழியில்ல."

உத்திராபதி திரும்பிப் போய், எதிர் வீட்டு டெலிபோனில் வக்கீலைக் கூப்பிட்டார். "நான் திரும்பச் சாட்சி சொல்லணும். மனு தயார் பண்ணுங்க." இத்தனை வருஷ சர்வீசில் ஜெயிக்கப் போகிற கட்சிக்காரர் தோற்பதற்கு மனுப் போட்டு நான் பார்த்ததில்லை என்றார் வக்கீல். "இப்பப் பார்த்துக்கங்க" என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மில் தெருவில் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஆண்கள் பூராவும் தெருவில், பெண்கள் பூராவும் தையல்நாயகியின் வாசல்படிக்கு இந்தப் பக்கம். உள்ளே போக முடியாது, அதனால் படிக்கு வெளியே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள், அவள் உள்ளே, கை மட்டும் படியின் விளிம்பு வரை. இங்கே இப்படி. அங்கே கூண்டில் உத்திராபதி.

"நீங்கள் சர்வேயர்தானே?" என்றார் ஜட்ஜ்.

"ஆமாங்க. முப்பத்தோரு வருஷம்."

"கீழ் கோர்ட்டில் இரண்டே காலடி சாய்வு என்று சொல்லியிருக்கிறீர்கள்."

"தப்புங்க. புகைபோக்கி நேராத்தான் இருந்துச்சு."

"கமிஷனரும் அதே அளவுதானே எடுத்தார்?"

"நான் கட்டின நூலை வச்சுத்தாங்க அவரும் எடுத்தாரு. தூக்குக்குண்டு காத்துல ஆடிடுச்சு. அது ஆடறது தெரிஞ்சும் எழுதினேன்."

அந்தத் தூக்குக்குண்டு ஏழு கிலோ, புயலிலும் ஆடாது. அது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அகோரமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"பொய்ச் சாட்சி சொன்னதாக ஒப்புக்கொள்கிறீர்கள். அதற்கு ஜெயில் உண்டு, தெரியுமா?"

"தெரியுங்க. எழுதிக்கங்க."

"அப்போது பொய்யா, இப்போது பொய்யா?"

உத்திராபதி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். "அப்பதாங்க" என்றார்.

சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு என்று எழுந்து போனார் ஜட்ஜ். தடை அன்று வரைக்கும்தான். அன்று என்பது எத்தனை மணி வரை என்று யாருக்கும் தெரியாது. இரண்டு மணிக்கு மில் தெருவில் புகைபோக்கி நடுங்க ஆரம்பித்தது, இரண்டரைக்கு ஒரு விரற்கடை இறங்கியது, மூன்று மணிக்கு அதன் வாய் தையல்நாயகி வீட்டுச் சமையக்கட்டு இறவாரத்தின் தாழ்ந்த ஓட்டைத் தொட்டு நாலு ஓடு உடைந்து விழுந்தது. படியில் பிடித்த கைகளை யாரும் விடவில்லை. அழக்கூட இல்லை, அழுதால் கை தளர்ந்துவிடும் என்று பயம்.

மூன்று நாற்பதுக்கு ஜில்லா கோர்ட்டில் ஜட்ஜ் வாசித்தார். மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது, கீழ் கோர்ட்டின் தீர்ப்பு ரத்து செய்யப்படுகிறது. வாதி மீது பொய்ச் சாட்சிக்குத் தனி வழக்கு, அதற்குத் தனி வாய்தா.

மூன்று நாற்பதுக்கு மில் தெருவில் புகைபோக்கி ஓட்டிலிருந்து வாயை எடுத்தது. பொழுது போவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டிய மாடு மாதிரி மெதுவாக, நிதானமாக எழுந்தது, உருவிப் போட்ட செங்கற்கள் களத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்ப் பழைய பல்லில் பல்லாக உட்கார்ந்தன, கடைசிச் செங்கல் உட்கார்ந்ததும் ஒரு முனகல், அதோடு சரி. யாரும் கைதட்டவில்லை. "கையை விடுங்கடி, வலிக்குது" என்றாள் தையல்நாயகி. எழுந்தாள். வாசல்படியைத் தாண்டி ஒரு கால் வைத்தாள், மேலே பார்த்தாள், மறுகாலையும் வைத்தாள்.

கார் வரும்வரை அவள் தெரு நடுவில்தான் நின்றாள். முதலில் உத்திராபதி இறங்கினார், பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அகோரமூர்த்தி. மூன்று பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள், தெருவே பார்த்தது. ரத்து என்றால் எல்லாம் வழக்குக்கு முன்னால் இருந்தபடி. புகைபோக்கி கிழக்கே, உத்திராபதியின் வீட்டுப் பக்கம், இரண்டே காலடி சாய்ந்து நின்றது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அகோரமூர்த்தி தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நீயே சொல்லு. நேராத்தானே இருக்கு?"

தையல்நாயகி புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"நேராத்தான் இருக்குண்ணே" என்றாள். "நூல் பிடிச்ச மாதிரி."

சொல்லிவிட்டுத் தன் வீட்டு வாசலைத் தாண்டிக் கிழக்கே நடந்தாள். முற்றத்துச் சுவரைத் தாண்டினாள், சமையக்கட்டுச் சுவரைத் தாண்டினாள், அறுபத்தெட்டு அடி நீளம் எங்கே முடியுமோ அங்கே வந்ததும் இன்னும் இரண்டடி எடுத்து வைத்து, கையில் ஒரு சாமானும் இல்லாமல் ரோட்டிலேயே உட்கார்ந்து, பக்கத்தில் மண்ணைத் துடைத்துப் புருஷனுக்கும் இடம் பண்ணினாள்.